ரோபோ ஓட்டிய பிள்ளைகளும் மார்க் சண்டைகளும்

ரோபோ போட்டிக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகும் டீச்சருக்கு, ரோபோ ஓடுமா என்கிற கவலை பாதிதான். நடுவர் கையில் இருக்கும் மார்க் தாளில் என்னென்ன கட்டம் போட்டு வைத்திருக்கிறார்களோ என்பது மீதிப் பாதி. பேச்சுப் போட்டிக்கும் கோகோவுக்கும் பிள்ளைகளை அழைத்துப்போய், முடிவு அறிவித்ததும் மேடையை முறைத்துக்கொண்டு நின்ற சக ஆசிரியர்களே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு, மலைக்குக் கீழே இருக்கும் இன்ஜினியரிங் கல்லூரிகள் பள்ளிப் பிள்ளைகளுக்கு ரோபோ போட்டி வைக்கத் தொடங்கியிருந்தன. நான் அப்போது கொல்லிமலையில், வாழவந்தி நாடு என்கிற ஊர்ப் பள்ளி ஒன்றில் இயற்பியல் டீச்சர். என் அணியில் ஒன்பதாம் வகுப்பு மல்லிகாவும் அவள் வகுப்புத் தோழன் சடையப்பனும். இரண்டு வீட்டிலும் மரவள்ளியும் மிளகும்தான் வெள்ளாமை.

தோற்றத்துக்கு மார்க்

வெள்ளை அட்டையில் வரைந்த கறுப்புக் கோட்டைப் பிடித்துக்கொண்டே ரோபோ கடைசிவரை ஓட வேண்டும். அதுதான் போட்டி. எங்கள் ரோபோவுக்குப் பழைய டேப் ரெக்கார்டர் மோட்டார், மருந்து பாட்டில் மூடியில் சக்கரம், சைக்கிள் டியூப்பை வெட்டி டயர். பார்க்க ஒரு லட்சணமும் இருக்காது. ஆனால் ஒரு வளைவில்கூடத் தடுமாறாமல் கோட்டின் முடிவில் போய் நின்றது. கடையில் வாங்கிய ரெடிமேட் பாகங்களை இணைத்துக்கொண்டு வந்த டவுன் பள்ளியின் ரோபோ பளபளவென்று கிளம்பி, பாதி வழியில் படுத்துவிட்டது.

முதல் பரிசு அந்தப் பள்ளிக்கு. விசாரித்தால், மார்க் தாளில் ‘தோற்றம்’ என்று ஒரு கட்டம். ஓட்டத்துக்கு எவ்வளவோ அதற்கும் அவ்வளவு. நான் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பத் தயாரானேன். மல்லிகா நேராக நடுவரிடம் போய் நின்றாள். பயத்தில் குரல் நடுங்கியது, கேள்வி நடுங்கவில்லை. “ஏனுங்க சார், ஓடுனதுக்கு மார்க்குங்களா, மினுக்குனதுக்கு மார்க்குங்களா?”

ஜன்னல் வெயில்

அடுத்த வருடம் வேறொரு கல்லூரி. அங்கே தோற்றத்துக்கு மார்க் இல்லை. நிம்மதியாக இருந்தோம். எங்கள் முறை மதியத்துக்கு மேல் வந்தது. அதற்குள் மேற்கு ஜன்னல் வழியாக வெயில் இறங்கி அட்டைமேல் பட்டை பட்டையாக விழுந்துவிட்டது. ரோபோ கோட்டைக் கண்டுபிடிப்பதே வெளிச்சத்தின் வித்தியாசத்தை வைத்துத்தான். வெயிலைக் கண்டதும் எங்கள் ரோபோ குழம்பி, கோட்டை விட்டு வெளியே போயிற்று.

மல்லிகா காரணத்தைச் சொன்னாள். நடுவரான பேராசிரியர் கோபித்துக்கொள்ளவில்லை. தரையில் மண்டி போட்டு, அட்டைமேல் கையை நீட்டி நிழல் பார்த்தார். “வாஸ்தவம்தான். ஜன்னலைச் சாத்திட்டு நீங்க மட்டும் இன்னொரு தரம் ஓட்டுங்க” என்றார். உடனே மற்ற பள்ளிகள் எழுந்துகொண்டன: “அவங்களுக்கு மட்டும் எப்படி ரெண்டு வாய்ப்பு?” நான் பதில் தேடுவதற்குள் சடையப்பன் சொன்னான்: “எல்லாரும் ஓட்டட்டுமுங்க. எங்களுக்கு மட்டும் வேண்டாமுங்க.”

அரங்கமே மறுபடி ஓட்டியது. எங்களுக்கு மூன்றாவது இடம். போகும்போது ராசிபுரத்துப் பக்கத்து ஆசிரியர் ஒருவர் அருகில் வந்தார். மறு ஓட்டத்தில் அவருடைய அணி முதலிடத்திலிருந்து இரண்டாமிடத்துக்கு இறங்கியிருந்தது. திட்டப்போகிறார் என்று நினைத்தேன். “டீச்சர், உங்க பசங்க ரோபோவை உட்டுட்டு வக்கீலுக்குப் படிச்சாக்கூடப் பொழச்சுக்குவாங்க!”

மலைப் பிள்ளைகளுக்குச் சலுகை

மூன்றாம் தடவை வந்த விதித்தாளைப் படித்ததும் எனக்குச் சந்தோஷம். மலைப் பள்ளிகளுக்குப் பத்து மார்க் கூடுதல்! சடையப்பனுக்கும் சந்தோஷம்தான். “டவுன்காரங்களுக்குத் தெரு முக்குலயே கடை. நாம ஒரு மோட்டாருக்குக் கொண்டை ஊசி வளைவெல்லாம் எறங்கிப் போறமே? குடுத்தா வாங்கிக்கலாம்” என்றான். அவன் சொன்னதில் தப்பே இல்லை. மல்லிகா ஒத்துக்கொள்ளவில்லை. “செயிச்சாலும், பாவம் மலைப்புள்ளைங்கன்னு குடுத்தாங்கம்பாங்க. வேண்டாம்.” பஸ் மலை இறங்கி முடிக்கும்வரை இருவருக்கும் வாக்குவாதம். கண்டக்டர் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

கடைசியில் இருவரும் சேர்ந்தே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். போட்டி நடத்தியவரிடம் போய், “அந்தப் பத்து மார்க்கை, சொந்தமாச் செஞ்சவங்களுக்குக் குடுங்க சார். மலையோ டவுனோ, ரோபோவைப் பிரிச்சுக் காட்டி வெளக்கம் சொல்றவங்களுக்கு” என்றார்கள். அவர் மற்ற பள்ளிகளையும் கேட்டார், யாரும் மறுக்கவில்லை. அன்றைக்கு உடைந்த பொம்மைக் காரைப் பிரித்து ரோபோ செய்திருந்த ஒரு நாமக்கல் பள்ளிக்கும் அதே பத்து மார்க் கிடைத்தது. அவர்கள்தான் முதல். நாங்கள் இரண்டாவது. திரும்பும் வழியில் சடையப்பன் உம்மென்று வந்தான். ஆறுதல் சொல்லலாம் என்று மல்லிகா பக்கம் திரும்பினால், அவள் முகத்தில் அப்படியொரு தெளிவு. “இன்னைக்குத்தானுங்க டீச்சர், தோத்தும் சண்டை போட ஒண்ணுமே இல்லை!”

எங்கள் மலையில் போட்டி

சில வருடங்களில், போட்டியை எங்கள் பள்ளியிலேயே நடத்தும் அளவுக்கு வளர்ந்துவிட்டோம். கீழேயிருந்து அணிகள் வேனில் ஏறி வந்தன. கடைசி நேரத்தில் நடுவராக வரவேண்டியவருக்கு உடம்பு சரியில்லை. பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்த மல்லிகா உதவிக்கு வந்திருந்தாள். “நம்ம பள்ளியில் படித்தவள் நடுவராக உட்காருவது சரியில்லை” என்று நானே தடுத்தேன். ஆனால் பழைய போட்டிகளில் அவளைப் பார்த்திருந்த டவுன் ஆசிரியர்கள் கூடிப் பேசி, “எங்களுக்கு அந்தப் பொண்ணே போதும்” என்றார்கள். மிளகுக் கொடியை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்திருந்த அவள் அப்பா, அதைக் கேட்டதும் துண்டை உதறி மறுபடி தோளில் போட்டுக்கொண்டார்.

ஓடும்போது கை பட்டால் மார்க் கழிவு என்பது விதி. எங்கள் பள்ளியின் புது அணி அருமையாக ஓட்டியது. கோப்பை எங்களுக்குத்தான் என்று இருந்தேன். கடைசி வளைவில் எங்கள் பையனின் விரல் ரோபோவைத் தொட்டதாக மல்லிகா கழித்துவிட்டாள். கோப்பை மலை இறங்கிப் போயிற்று. யாருமே கவனிக்காத தொடுகை அது. “கண்ணு, நெசமாவே பட்டுதா?” என்று மெதுவாகக் கேட்டேன். என் முகத்தைப் பார்த்து, குரலை உயர்த்தாமல் சொன்னாள்: “பட்டுதுங்க டீச்சர். நான் பாத்தேன்.”

நியாயம் கேட்கப் பிள்ளைகளைப் பழக்கினால் ஒருநாள் நம் கோப்பையையே தூக்கி அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள் என்று எந்தப் பயிற்சிக் கல்லூரியிலும் என்னை யாரும் எச்சரிக்கவில்லை; எச்சரித்திருந்தாலும் நான் கேட்டிருக்கப் போவதில்லை.