கூரியர் கடையில என்ர வரிச் சிப்பாய்

இண்டைக்கு வெள்ளவத்தைக் கூரியர் கடையில நடந்தது. இன்னும் மனம் சரியில்லை.

என்ர பைத்தியம் உங்களுக்குத் தெரியும்தானே. பொம்மை ஆமிக்காரரை வாங்கி, தலை, கை, காலைக் கழட்டி வேற மாத்தி, பெயின்ட் அடிச்சு விக்கிறது.

கண்டிக்கு அனுப்ப ஒண்டு கொண்டு போனன். வியட்நாம் சண்டைக்குப் போன அமெரிக்கன். உடுப்பு முழுக்கப் பச்சையில கறுப்பு வரி. மூண்டு கிழமை இருந்து கீறினது.

கவுண்டரில இருந்த சிங்கள மனிசன் பெட்டியைத் திறந்தார். வரியைப் பாத்தார். பிறகு கூரியர் ஃபோமில என்ர தமிழ்ப் பேரைப் பாத்தார்.

"மே கொட்டியெக் நேத?" எண்டார். இது புலிதானே எண்டு.

"நே அய்யே, அமெரிக்கன்", இல்லை அண்ணே எண்டு நாலு தரமாவது சொல்லியிருப்பன். இந்த ஊரில தமிழன் ஒருத்தன் புலிகளின்ர யூனிபோம் மாதிரி வரி கீறினா வேற என்னெண்டு நினைப்பினம்? மூண்டு கிழமையும் எனக்கு அது உறைக்கேல்லையே!

அவர் ஃபோனை எடுத்தார். பொலிசுக்குத்தான் எண்டு நினைச்சன்.

ஃபோனில ஒரு படத்தைக் காட்டினார். ஆமி யூனிபோமில அவரின்ர அண்ணன்.

"இவரைப்போல ஒண்டு செய்து தரேலுமா? இப்ப வலது கால் இல்லை. வன்னிச் சண்டையில போனது."

ஓம் எண்டிட்டு வந்திட்டன்.

வீட்டில உதிரிக் கால் ஒரு டப்பா நிறையக் கிடக்கு. படத்தில அண்ணன் ரெண்டு காலோட நிக்கிறார். எத்தினை கால் பூட்டுறது எண்டு கேக்க எனக்கு வாய் வரேல்லை.

நீங்களெண்டா எத்தினை பூட்டுவியள்?