வெல்லம் போட்ட சிமெண்ட்

வருகைப் பதிவேட்டில் அங்கம்மாளின் பெயருக்கு எதிரே எழுதியிருந்தது இது: "சித்தாள். பெண். தொழில் அறிவு இல்லை. சுமை தூக்க மட்டும்."

பதினாறு வருஷம் காஞ்சிபுரத்து மச்சு வீடுகளின் தளத்துக்குச் சுண்ணாம்பு அரைத்தவள் அவள். காரையை இரண்டு விரலில் நசுக்கிப் பார்த்தே எத்தனை நாள் ஊறியது என்று சொல்லிவிடுவாள். பதிவேட்டில் அதற்குக் கட்டம் இல்லை.

1966-ல் பிள்ளையார்பாளையத்தில் நெசவாளர் சங்கம் ஒன்று இருபது தறிகளுக்குக் கூடம் கட்டியது. மேலே மர உத்தரமே கிடையாது, முழுக்கக் கான்கிரீட். முடிந்ததும் அங்கம்மாளின் மகள் வடிவுக்கு அங்கே நூல் சுற்றும் வேலை தருவதாகப் பேச்சு. மற்றச் சித்தாள்கள் தரையைப் பார்த்து நடக்க, இவள் மட்டும் கூரை வரப்போகும் இடத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நடந்தாள்.

மேஸ்திரி அப்பாதுரை முப்பது வருஷச் சுண்ணாம்புக்காரர். எந்த மண்டபத்துத் தளம் ஒழுகினாலும் முதலில் அவர் வீட்டுக்குத்தான் ஆள் வரும். சிமெண்டை அதற்கு முன் அவர் தொட்டதில்லை. ஆனாலும் அவருக்கு அதில் எதுவும் புதிதாகத் தெரியவில்லை. சுண்ணாம்புக்கு ஊற ஊறத்தான் பலம். சிமெண்ட் மட்டும் என்ன விலக்கா? முந்தின நாள் சாயங்காலமே குழைத்து, வெல்லமும் கடுக்காயும் ஊறிய தண்ணீரை ஊற்றி, ஈரச் சாக்கால் மூடிவைத்தார். ஒன்றும் தெரியாதவன் இந்தத் தப்பைச் செய்திருக்கவே முடியாது. அதற்கு முப்பது வருஷ அனுபவம் வேண்டும்.

வெறும் தண்ணீராக இருந்தால் காலையில் கல்லாகி எல்லோருக்கும் புத்தி சொல்லியிருக்கும். வெல்லம் அதை இறுகவிடவில்லை. விடிந்ததும் கலவை வெண்ணெயாக இருக்கக் கண்டு மேஸ்திரி பூரித்துப்போனார். செவ்வாய்தோறும் சைக்கிளில் வரும் ஓவர்சியர் இளங்கோவன், சிமெண்ட் ஒன்று, மணல் இரண்டு, ஜல்லி நாலு என்று தாளைப் பார்த்து அளவை ஒப்பிட்டுக் கையெழுத்துப் போட்டார். குழைத்ததை உடனே போட வேண்டும் என்று தாளில் இல்லை. படித்தவர் எல்லோருக்கும் தெரிந்ததை யார் எழுதிவைப்பார்கள்?

முதலில் ஜன்னல்களுக்கு மேலே, கீழே மர முட்டுக் கொடுத்து, சன்ஷேடு போட்டார்கள். மிஞ்சியதில் ஒரு சட்டியை அங்கம்மாள் கொண்டுபோய் அடுப்பின் விளிம்பைப் பூசினாள். எட்டாம் நாள் உலைப்பானையை ஏற்றினாள். விளிம்பு ஈரப் புட்டு மாதிரி உதிர்ந்து பானை சாய்ந்தது. உதிர்ந்த துகளில் எறும்பு சாரி கட்டியிருந்தது. சோறு போனதுகூட உறைக்காமல், அவள் கையிலிருந்த துகளையே பார்த்தபடி உட்கார்ந்துவிட்டாள்.

துகளை முந்தானையில் முடிந்துகொண்டு மேஸ்திரியிடம் போனாள். அடுப்புச் சூட்டில் எது நிற்கும் என்று அவர் சிரித்தார்.

"ஆறு மாசம் போவட்டும்மா, தானா கல்லாவும்."

"ஆறு மாசம் வரைக்கும் முட்டு நிக்குமா மேஸ்திரி? மச்சுன்னா கீழ மரம் தாங்கிக்கினு இருக்குது. இதுல கலவைதானே மரம்?"

"நீ சட்டியத் தூக்கும்மா."

அடுத்த செவ்வாய் கூரை போடும் நாள். சாக்குகளுக்கடியில் கலவை பதமாக ஊறியிருந்தது. கலவை உதிர்கிறது என்று அங்கம்மாள் இளங்கோவனிடமும் சொல்லிப் பார்த்தாள். அளவெல்லாம் சரியாக இருக்கிறது என்று அவர் தாளைக் காட்டினார். அவளுக்குப் படிக்கத் தெரியாது. முதல் ஜன்னலின் சன்ஷேடுக்கு முட்டு எடுக்கும் நாள் ஏற்கெனவே வந்திருந்தது; இன்னும் ஊறட்டும் என்று மேஸ்திரிதான் விட்டுவைத்திருந்தார். அங்கம்மாள் அங்கே நின்றவர்களை விலகச் சொன்னாள். கடப்பாரையை எடுத்தாள்.

இரண்டு முட்டுகளும் விழுந்தன. சன்ஷேடு அப்படியே நின்றது. மேஸ்திரி சிரிக்க வாயெடுத்தார். அதற்குள் ஓர் ஓரம் தொங்கி, மொத்தமும் மாவாகக் கொட்டியது. ஊடை ஓடாத பாவு நூல் மாதிரி வெறும் கம்பிகள் மட்டும் சுவரில் நீட்டிக்கொண்டிருந்தன.

இளங்கோவன் சாக்கைத் தூக்கிக் கலவையில் விரலை வைத்து, நாக்கில் தொட்டார். இனித்தது.

"வெல்லமா?"

"பின்ன?" என்றார் அப்பாதுரை, அவரைவிட அதிர்ந்துபோய். "வெல்லம் இல்லாம ஏது சார் கலவை?"

ஒருவரை ஒருவர் பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். ஒரே கலவைக்கு இத்தனை நாளாக இருவரும் சேர்ந்துதான் பொறுப்பு என்பது அப்போதுதான் இருவருக்கும் உறைத்தது. மேஸ்திரி மணல் குவியலில் உட்கார்ந்தவர் மத்தியானம்வரை எழுந்திருக்கவில்லை.

கலவையெல்லாம் பள்ளத்துக்குப் போனது. இரண்டு வாரம் கழித்து, குழைத்த சூட்டோடு கூரை போட்டார்கள். அந்த வருஷக் கடைசியில் வடிவு அதன் கீழ் உட்கார்ந்து நூல் சுற்றினாள்.

முட்டுகள் காற்றில் தாமாகச் சரிந்ததாகவும், அதனால் குறை வெளிப்பட்டதாகவும் இளங்கோவன் அறிக்கை எழுதினார். அன்று காற்றே இல்லை. அங்கம்மாள் கடப்பாரையால் நெம்பி அந்த இரண்டு முட்டுகளையும் தள்ளினாள்.