அயர்லாந்துப் பிள்ளைகளும் அம்மாவின் போனும்

நியூ டவுனிலிருந்து ஒரு வேலையாக ஜாதவ்பூர் போனபோது டாக்சி நெரிசலில் நின்றுவிட்டது. கண்ணாடியை இறக்கினேன். எங்கிருந்தோ சுடச்சுட ஜெராக்ஸ் வாசனை. அப்போதுதான் மெஷினிலிருந்து வந்த தாளைக் கன்னத்தில் வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? இஸ்திரி போட்ட துணி மாதிரி இதமாக இருக்கும். இதே ஜாதவ்பூரில் எம்.ஏ. படித்த இரண்டு வருடமும் அந்த வாசனையில்தான் இலக்கியம் கற்றேன். காசு கொடுத்துப் புத்தகம் வாங்கும் கெட்ட பழக்கம் எங்களுக்கு இருந்ததில்லை.

அப்படி ஜெராக்ஸில் வந்து சேர்ந்தவைதான் அயர்லாந்துச் சிறுகதைகள். எனக்கும் மீராவுக்கும் சேர்த்து ஒரு செமினார் கட்டுரை. ஊரை விட்டு ஓடத் துடிக்கிற இளசுகளை ஒப்பிட வேண்டும். எந்தக் கதையைத் திறந்தாலும் மழை, தேவாலய மணி, கடலைப் பார்த்து ஏங்கும் ஒரு பிள்ளை. சிலர் கப்பலேறிவிடுவார்கள். சிலர் கட்டின பெட்டியை அவிழ்த்துவிடுவார்கள். நான் போனவர்கள் கட்சி. அப்பா இல்லாத வீட்டில் அம்மாவைத் தனியாக விட்டுவிட்டுப் பாளையங்கோட்டையிலிருந்து ரயிலேறி வந்தவள் வேறு எந்தக் கட்சியில் சேருவாள்?

மீரா இந்தப் பெங்காலி ஊரிலேயே பிறந்தவள். தாத்தா காலத்தில் வந்த குடும்பம். சண்டை போடுவது பெங்காலியில், சாமி கும்பிடுவது மட்டும் தமிழில். நான் ஓடிவந்த திசைக்கு ஓடிப்போக அவளுக்கு ஆசை. "சாந்த்ராகாச்சி ஸ்டேஷன்ல ஏறினா நேரா சென்னைதான்" என்பாள். ஏறமாட்டாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் என் ஹாஸ்டல் அறையில் உட்கார்ந்து எழுதுவோம். விவாதம் சூடுபிடிக்கும்போது பார்த்து அம்மாவின் போன் வரும். எடுத்தால் எப்போது வருகிறாய் என்ற கேள்வி வரும். அதனால் போனை மீராவிடம் நீட்டிவிடுவேன்.

"ஆன்ட்டி, அவ குளிக்கறா."

"எப்பம் பாத்தாலும் குளிக்காளே! கங்கையில தண்ணி வத்திரப் போவுது. நீ சாப்ட்டியாட்டி?"

நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பேன். அவர்கள் பாட்டுக்குப் பேசிக்கொண்டே இருப்பார்கள். சொதிக்குத் தேங்காய்ப்பால் எப்போது விட வேண்டும் என்பதெல்லாம் மீராவுக்கு அப்படித்தான் தெரியவந்தது. எனக்கு இன்றைக்கும் தெரியாது.

கட்டுரையை முடிக்கிற அன்று மீரா பேனாவைக் கடித்தபடி கேட்டாள்: "போனவாளப் பத்தியே எழுதறோமே, அவா போன அன்னிக்கு சாயங்காலம் ஆத்துல இருக்கற அம்மா என்ன பண்ணியிருப்பா?"

"அது நம்ம தலைப்புலயே இல்ல, மீரா."

நல்ல மார்க் வந்தது. பிறகு வேலை வந்தது. குளிக்கிறேன் என்பது மீட்டிங்கில் இருக்கிறேன் என்று ஆனது. அம்மா என்னைக் கூப்பிடுவதைக் குறைத்துக்கொண்டு மீராவையே கூப்பிட ஆரம்பித்தாள். எனக்கு நிம்மதியாக இருந்தது. வெட்கக்கேடுதான், ஆனால் நிம்மதியாகத்தான் இருந்தது.

டாக்சி நகர்ந்தது. எங்கள் ஜெராக்ஸ் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள். அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள், பாளையங்கோட்டை வீடும் கைமாறிவிட்டது. என் நாக்கிலிருந்த ஊர்ப்பேச்சை ஆபீஸ் தேய்த்துத் தின்றுவிட்டது. அம்மாவின் தமிழ் இனி மிச்சமிருப்பது ஒரே ஒரு வாயில். திருநெல்வேலியை மிதித்தே பார்க்காத மீராவின் வாயில்.

அவளைக் கூப்பிட்டேன். இத்தனை நாள் கேட்கத் துணியாததை நெரிசலுக்கு நடுவே கேட்டுவிட்டேன். "அம்மா கடைசியா உன்கிட்ட என்ன பேசினாங்க?"



"வேற என்னட்டி கேப்பாவ? 'அவ குளிச்சு முடிச்சிட்டாளா?'ன்னு கேட்டாவ."