பெயர் எழுதாத ஜெபச் சீட்டு

அருள்பாண்டிக்கு ஒரு நாளைக்கு இருபத்துநாலு மணி நேரம் போதாது என்பது அவரைத் தெரிந்த எல்லோருக்கும் தெரியும், அவரே சொல்லியிருப்பார். திருமங்கலத்தில் ப்ளைவுட் கடை, கே.கே. நகரில் வீடு, வில்லாபுரத்தில் சபை. இந்த மூன்றுக்கும் நடுவே பைக்கில் ஓடிக்கொண்டே, ஹெல்மெட்டுக்குள் சொருகிய செல்போனில் சபைச் செயலாளர் வேலையும் பார்த்துவந்தார். காலை ஐந்து மணிக்கு எழுந்து பதினான்கு வாட்ஸ்அப் குழுக்களுக்கு வசனம் அனுப்புவார். அனுப்பியதை அவர் வாசித்தாரா என்று கேட்கக் கூடாது. அனுப்புகிறவருக்கு வாசிக்க எங்கே நேரம்?

அவர் செய்த பெரிய சீர்திருத்தம் ஜெபப் பெட்டி. முன்பெல்லாம் ஆராதனையில் ஆளாளுக்கு எழுந்து தங்கள் கஷ்டத்தைச் சொல்வார்கள். ஒருத்தர் மூட்டுவலியைச் சொல்லி முடிப்பதற்குள் பிரசங்க நேரம் போய்விடும். இவர் சொந்தக் கடைப் பலகையில் ஒரு பெட்டி செய்து கோவில் வாசலில் வைத்தார். வேண்டுதலைச் சீட்டில் எழுதிப் போட வேண்டும். இரண்டு வரிக்கு மேல் கூடாது. பெயர் எழுதவே கூடாது. ஞாயிறுதோறும் இவர் மைக்கில் வாசிப்பார், சபை ஆமென் சொல்லும். ஏழே நிமிஷத்தில் முப்பது பேரின் கண்ணீரை முடித்துவிடலாம்.

ஜூன் மாதம் ஒரு காலையில் அவர் மனைவி முத்துச்செல்வி காபி டம்ளரை மேஜை விளிம்புக்கு வெளியே வைத்தாள். காபி முழுக்கத் தரையில் கொட்டியது.

"என்னங்க, ஒரு மாசமா எல்லாம் புகை மூட்டமாத் தெரியுது. ஆஸ்பத்திரிக்கு ஒரு எட்டு போயிட்டு வருவமா?"

சபையின் ஐம்பதாவது ஆண்டு விழாவுக்குப் பந்தல் பேசிக்கொண்டிருந்த அருள்பாண்டி போனிலிருந்து தலையை எடுக்கவில்லை.

"விழா முடியட்டும் செல்வி. எனக்கு எம்புட்டு வேலை கெடக்கு? ஜெபப் பெட்டியில ஒரு சீட்டு எழுதிப் போடு, ஜெபிச்சிருவோம்."

மறுமுனையில் பந்தல்காரர் "அண்ணே" என்றதும் சொன்னதை மறந்துவிட்டார். முத்துச்செல்வி மறக்கவில்லை. வீட்டில் கிடந்த தாளில் எழுதிப் போட்டாள்.

'ஒரு சகோதரிக்குக் கண் மங்குகிறது.' முதல் சீட்டில் அழகான குண்டு எழுத்து. ஆகஸ்டில் எழுத்து பெரிதாகி, வரி கோணலாகக் கீழே இறங்கியது: 'ஒரு சகோதரிக்கு வேதம் வாசிக்க முடியவில்லை.' அருள்பாண்டி தட்டுத்தடுமாறி வாசித்துவிட்டு, "சீட்டு எழுதுறவங்க கொஞ்சம் தெளிவா எழுதுங்கப்பா, எனக்குல்ல கண்ணு வலிக்குது" என்று மைக்கிலேயே கிண்டலடித்தார். யாரும் சிரிக்கவில்லை. ஏன் என்று யோசிக்க அவருக்கு நேரமில்லை.

வீட்டில் குழம்புக்கு உப்பு இரண்டு தடவை விழுந்தது. போனைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். வெள்ளைச் சட்டைக்குப் பச்சை நூலில் பித்தான் தைத்திருந்தது, போட்டுக்கொண்டு போனார். அந்த வீட்டில் இரண்டு பேருக்குப் பார்வை போய்க்கொண்டிருந்தது. ஒருத்திக்கு மட்டும்தான் அது தெரிந்திருந்தது.

அக்டோபரில் விழா வந்தது. பந்தல் கொள்ளாத கூட்டம். மேடையில் அருள்பாண்டி கடைசிச் சீட்டைப் பிரித்தார். ஐந்தே வார்த்தைகள், தாள் முழுக்க, ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன.

"ஒரு சகோதரிக்கு வீட்டுக்காரர் முகம் தெரியவில்லை."

அருள்பாண்டிக்கு நிஜமாகவே மனசு கேட்கவில்லை. நல்ல மனுஷன்தான், மைக்கைப் பிடித்தால் இளகிவிடுவார். சீட்டைச் சபைக்கு முன் உயர்த்திப் பிடித்தார்.

"யாருய்யா அந்த வீட்டுக்காரரு? பொண்டாட்டி இம்புட்டு நாளாத் தவிக்கிது, அந்த மனுஷனுக்கு அப்படி என்ன வேலை? ஆண்டவரே, முதல்ல அவரு கண்ணைத் திறந்தருளும்!"

"ஆமென்!" என்றது சபை. ஐம்பது வருஷத்தில் அந்தச் சபை அப்படி ஓர் ஆமென் சொன்னதில்லை.

பெண்கள் ஐக்கியத் தலைவி சோலையம்மாளுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. முன்வரிசையிலிருந்து எழுந்து மேடைக்கே வந்து, மைக்கைக் கையால் மூடிக்கொண்டு கிசுகிசுத்தார்.

"தம்பி, நாலு மாசமா எங்களுக்கெல்லாம் தெரியுது. உங்ககிட்டச் சொல்ல வந்தா எப்பப் பாத்தாலும் போன்ல இருக்கீக. பேரு சொல்லக் கூடாதுன்னு சட்டம் வேற போட்டீக. அந்தத் தாளைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்க."

திருப்பினார். சிவப்பு மசியில் 'அருள் ப்ளைவுட்ஸ், திருமங்கலம்'. கீழே அவருடைய செல் நம்பர். அதற்கும் கீழே, அவரே யோசித்து அச்சடித்த வாசகம்: 'உங்கள் தேவையே எங்கள் கவனம்'. ஒவ்வொரு ஞாயிறும் அவர் சீட்டை உயர்த்திப் பிடித்து வாசித்தபோதெல்லாம் இந்தப் பக்கம்தான் சபையைப் பார்த்திருந்தது. சபையும் அதைப் பார்த்து ஆமென் சொன்னதோடு சரி.

மைக்கை அப்படியே விட்டுவிட்டு இறங்கினார். பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் முத்துச்செல்வி மேடை இருக்கும் திசைக்கு முகத்தைத் திருப்பி, காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் எதிரே போய் நின்றார்.

யாரோ மறைத்துக்கொண்டு நிற்பது மட்டும் அவளுக்குத் தெரிந்தது. முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டு, மரியாதையாகக் கைகூப்பினாள்.

"ஸ்தோத்திரம் அண்ணே. கொஞ்சம் தள்ளி நில்லுங்க. எங்க வீட்டுக்காரரு இப்பத்தான் எனக்காக ஜெபம் பண்ணிக்கிட்டு இருக்காரு."