ஒரு வாளியா, பத்து வாளியா

இறால் குஞ்சு பொரிப்பகத்தில் அவரைச் சொட்டக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். பாசித் தண்ணீரில் ஒரு சொட்டெடுத்து, மைக்ரோஸ்கோப்பில் வைத்து, பாசி செல்களை எண்ணுவது அவர் வேலை. எந்தத் தொட்டிக்கு எத்தனை வாளி பாசி என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். குறைந்தால் குஞ்சுகள் பட்டினியில் சாகும். கூடினால் தண்ணீர் கெட்டுச் சாகும்.

வந்த புதிதில் பூஜ்யங்கள் அவரைப் பாடாய்ப் படுத்தின. கோடிக்கணக்கில் எழுதும்போது ஒன்றாவது நழுவிவிடும். மகளின் பழைய பாடப்புத்தகத்தில் அறிவியல் குறியீடு என்றொரு பாடம் கண்ணில் பட, தானே உட்கார்ந்து படித்தார். முன்னால் நிற்கும் எண்களைப் பெருக்கு, பத்தின் அடுக்குகளைக் கூட்டு. அவ்வளவுதான்.

"இத்தனை நாளா இதை யாருங்க ஒளிச்சு வச்சிருந்தது?" என்று கணவரிடம் கேட்டாராம்.

"சத்தியமா நான் இல்லம்மா" என்றாராம் அவர்.

புதிதாகக் கட்டிய பெரிய தொட்டியில் முதல் தீவனம் போட வேண்டிய காலை அது. அதுவரை உடம்பிலிருந்த சத்திலேயே வாழ்ந்த குஞ்சுகள் அன்றுதான் வாய் திறந்திருந்தன. தாமதிக்க முடியாது.

வாளிக் கணக்கை முதலில் போட்டார். இருபது லிட்டர் வாளி, 2 × 10⁴ மில்லி, மில்லிக்கு 2.4 × 10⁶ செல். பெருக்கினால் 4.8 × 10¹⁰. அடுத்து தொட்டி. 6 × 10⁶ மில்லித் தண்ணீர். மில்லிக்கு 8 × 10⁴ செல் வேண்டும். அதற்கும் 4.8 × 10¹⁰ என்று எழுதினார்.

"ஒரு வாளி போதும்."

வாளி தூக்குகிற கொழுந்தன் சுவரில் சாக்பீஸால் போட்டுப் பார்த்தான். அவன் கணக்கு பாதி நாள் எங்கோ போய் முட்டிக்கொண்டு நிற்கும்.

"எனக்குப் பத்து வருது அண்ணி."

"பத்தா?"

"என் கணக்குதானே, விடுங்க. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்." வாளியோடு நடந்தான்.

"நில்லுப்பா. கீழ வை. ரெண்டு பேர்ல ஒருத்தர் தப்பு. யாருன்னு தெரியாம எப்படி ஊத்துறது?"

"தப்பு போடுற ஆளு யாருன்னு ஊருக்கே தெரியுமே."

"ஊரா வந்து எண்ணுச்சு?"

சாக்பீஸை வாங்கி, அவன் எழுதியதற்குப் பக்கத்திலேயே முதலிலிருந்து போட்டார். ஆறெட்டு நாற்பத்தெட்டு. ஆறும் நாலும் பத்து. 48 × 10¹⁰. அங்கே கை நின்றது. 48-ஐ 4.8 ஆக்கினால் எண் பத்தில் ஒரு பங்காகிவிடுகிறது. அதை ஈடுகட்ட அடுக்கை 11 ஆக ஏற்ற வேண்டும். அவர் ஏற்றவில்லை. வாளியின் விடை மனதில் நின்றதால் கை அதையே எழுதிவிட்டது. சிறு தொட்டிகளுக்கு மக்கில் அளந்து ஊற்றிய பழக்கத்தில், ஒரு வாளியே தாராளமாகத் தோன்றியிருக்கிறது.

"தப்பு என்னுதுதான்" என்றார். குரலில் சுணக்கமில்லை. தன் விடை என்பதற்காக எந்த விடைக்கும் அவர் சலுகை காட்டியதில்லை. தானும் ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டார். மாறி மாறிப் பத்தையும் ஊற்றி முடித்தார்கள்.

மதியம் ஒரு குஞ்சை எடுத்து மைக்ரோஸ்கோப்பில் வைத்தார். கண்ணாடி போன்ற உடம்புக்குள் குடல் பச்சைக் கோடாக ஓடியது. கொழுந்தனையும் கூப்பிட்டுக் காட்டினார்.

"சாப்பிட்டிருக்கு பாரு."

அவன் வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை. "அப்ப இனிமே கணக்கை நானே போட்டுடவா அண்ணி?"

"போடு. நானும் போடுவேன். ரெண்டும் ஒத்து வந்தாத்தான் வாளி நகரணும்."