தாழ்வான வீடு

கல்யாணமாகி ஆரணிக்கு வந்த பிறகும் என் வேலை லேப்டாப்பில்தான் நடந்தது. ட்ரோன் எடுத்த உயரக் கணக்குகளை வைத்து, பெருமழை பெய்தால் எங்கெங்கே தண்ணீர் தேங்கும் என்று வரைபடம் தயாரிக்க வேண்டும். பள்ளம் சிவப்பு, மேடு பச்சை, இடையில் ஆரஞ்சும் மஞ்சளும். செய்யாறு, கலசப்பாக்கம் எல்லாம் முடித்து எங்கள் பகுதிக்கு வந்த அன்று, மாமியார் காபியோடு வந்து திரையை எட்டிப் பார்த்தார்.

“நம்ம தெருவாமா இது? நம்ம ஊடு எங்க?”

காட்டினேன். சிவப்பாக இருந்தது. எதிர்வீடு நல்ல பச்சை.

“அப்படின்னா இன்னா அர்த்தம்?”

“நம்ம வீடு கொஞ்சம் தாழ்வா இருக்குங்க அத்தை.”

வாயை விட்டுவிட்டேன். எதிர்வீட்டு அம்மாவுக்கும் அத்தைக்கும் புடவை பார்டரிலிருந்து பொங்கல் கோலம் வரை போட்டி.

“தாழ்வா? அவங்களவிடவா?”

ஒரு குடம் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு போய் நடுத்தெருவில் கவிழ்த்தார். அது எதிர்வீட்டு வாசலை நோக்கி ஓடியது.

“பாத்தியா!”

எதிர்வீட்டு அம்மா வெளியே வந்தார். “இன்னாக்கா, காலங்காத்தால எங்க வாசல்ல தண்ணி ஊத்திகினு கீற?”

விஷயம் தெரிந்ததும் அவரும் ஒரு குடம் கொண்டுவந்து இரண்டடி தள்ளி ஊற்றினார். அது எங்கள் பக்கம் வந்தது. பிறகு ஒவ்வொரு வீட்டுக்கும் தன் நிறம் தெரிந்தாக வேண்டியிருந்தது; ஆளுக்கொரு குடம் கவிழ்த்தார்கள். வானத்தில் பொட்டு மேகம் இல்லை. தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர். தறியில் ஏற்றுமுன் தெருவில் நீட்டிக் கட்ட, சேவூரிலிருந்து பட்டுப் பாவு நூல் கொண்டுவந்தவர் வண்டியை நிறுத்தி, “பைப்பு உடைஞ்சிட்ச்சா? பாவ எங்கங்க நீட்டறது?” என்று பேஜாரானார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எதிர்வீட்டு மொட்டைமாடியையே தரை என்று கணக்கில் எடுத்திருந்தது மென்பொருள்; அதனால்தான் எங்கள் வீடு பள்ளமாகத் தெரிந்திருக்கிறது. மாடியைக் கழிக்க வேண்டும் என்றேன்.

“கஷ்டப்பட்டு மாடி கட்னது நாங்க. அத்த ஏம்மா கழிக்கற?” என்றார் எதிர்வீட்டு அம்மா.

தண்ணீர் நின்ற இடங்களைப் போனில் குறித்துக்கொண்டு திருத்தினேன். இரண்டு வீடும் ஒரே ஆரஞ்சு.

“சரி, ஒரே கலரே இருக்கட்டும். நமக்கு மட்டும் கொஞ்சம் லைட்டா குடு.”

“இருக்கறதே நாலு கலருதாங்க அத்தை.”

“பட்டுக்கு சாயம் போடற ஊர்ல கலருக்கா பஞ்சம்?”

ஆனாலும் அத்தை மழைக்காலத்துக்கு முன் கொத்தனாரை வரவழைத்து, வீட்டில் நெய்பவர் கால் இறக்கி உட்காரும் தறிக்குழிக்குள் தண்ணீர் இறங்காதபடி சுற்றிலும் இரண்டு வரிசை செங்கல் வைத்தார். எதிர்வீட்டு அம்மாவும் அதே கொத்தனாரைக் கூப்பிட்டார். மூன்று வரிசை வைக்கச் சொன்னார்.