இரண்டு கார்டும் முப்பத்தொரு பாக்கு மரமும்

இந்தத் தீவில் டெய்ரி ஃபார்ம் என்கிற பகுதியில் எங்கள் வீட்டு முன்னறைதான் ஆபீஸ். நானும் என் நாத்தனாரும் வீட்டுப் பிளான் போட்டுக் கொடுக்கிறோம். வெறும் கோடுகளைக் காட்டினால் பாதிப் பேருக்குப் புரிவதில்லை. அதனால், கட்டி முடித்தபின் வீடு எப்படி இருக்கும் என்பதைக் கம்ப்யூட்டரில் படமாக்கிக் காட்டுவோம். வெயில் எந்தச் சுவரில் விழும் என்பதுவரை அதில் தெரியும். அந்தக் கணக்கையெல்லாம் போடுவது கிராபிக்ஸ் கார்டு. எங்கள் பழைய கார்டு போன மழைக்காலத்தோடு முடிந்துவிட்டது. திறந்து பார்த்தால் உப்புக்காற்று உள்ளே பச்சை பூக்க வைத்திருந்தது.

பஜாரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் வங்காளிக்காரரிடம் இரண்டு கார்டுகள் இருந்தன. விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. வேறு வேண்டுமென்றால் மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வர வேண்டும். இரண்டு பெட்டிகளையும் மாற்றி மாற்றி நான் படிப்பதைப் பார்த்து அவருக்குப் பொறுமை போயிற்று.

"தீதி, தோனோ லே ஜாவோ," என்றவர், தனக்குத் தெரிந்த தமிழில் தொடர்ந்தார்: "ரெண்டும் எடுத்துட்டுப் போ, போட்டுப் பாரு. ஒண்ணு வெச்சுக்கோ, ஒண்ணு வாபஸ்."

வீட்டில் இரண்டையும் மேஜைமேல் வைத்து ஒப்பிட்டோம். முதல் கார்டில் கணக்குப் போடும் கோர்கள் அதிகம், கிளாக் ஸ்பீடும் அதிகம். ஆனால் மெமரி எட்டு ஜிபி. இரண்டாவது எல்லாவற்றிலும் ஒரு படி குறைவு, மெமரி மட்டும் பன்னிரண்டு.

"பன்னெண்டுதான் அண்ணி எடுக்கணும்," என்றாள் நாத்தனார். "கை வேகமா இருந்து என்ன பண்ண? வேலையப் பரப்பி வெக்க இடம் வேணும்ல?"

"நாம போடுறது நாலு ரூம் வீடு. அதுக்கு எட்டு போதும்."

அவளைவிட ஆறு வருடம் முன்னதாக இந்தத் தொழிலுக்கு வந்தவள் நான். அந்த நினைப்பும் என் குரலில் இருந்திருக்கும்.

அப்போது கையில் இருந்தது சிப்பிகாட் என்ற ஊரில் ஒரு வீடு. கேட்டவர் ஓய்வுபெற்ற நர்ஸ். பெற்றோர் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இங்கே ரப்பர் தோட்டத்துக்கு வந்தவர்கள். ஊரே அவரை சிஸ்டர் என்றுதான் கூப்பிடும். அவர் வீட்டின் ஒரே படத்தை இரண்டு கார்டிலும் ஓட்டினேன். முதல் கார்டு பதினோரு நிமிடத்தில் முடித்தது. இரண்டாவதுக்குப் பதினேழு ஆயிற்று. நான் நாத்தனாரைப் பார்த்தேன். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் சிஸ்டர் வந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார்.

"இது யாரு தோட்டம்?"

"உங்களுதுதான் சிஸ்டர்."

"எல்லாம் ஒரே மரமால்ல நிக்குது. என்னோடதுல ஒண்ணப்போல ஒண்ணு இருக்காது புள்ள."

சரியாகத்தான் சொன்னார். ஒரே ஒரு பாக்கு மரத்தைச் செய்து, அதையே முப்பத்தொரு இடத்தில் நகலாக வைத்திருந்தேன். எல்லோரும் செய்வதுதான், கார்டுக்குச் சுமை குறையும். மரம் என்பது எனக்கு வீட்டைச் சுற்றி வைக்கும் அலங்காரம்.

சுனாமியில் அவருடைய கீழ் நிலத்தில் ஏறிய கடல்நீர் வடியவே இல்லை. அங்கிருந்த மரமெல்லாம் நின்றபடியே பட்டுப்போயின. அதன்பிறகு லீவு நாட்களில் மேட்டில் ஒவ்வொன்றாக நட்டு வளர்த்தவைதான் இந்த முப்பத்தொன்றும். வீடு கட்ட மிஞ்சியிருப்பதும் அதே மேடுதான்.

"வெளிச்சத்துக்குப் பதினோரு மரத்த வெட்டணும்னு மேஸ்திரி சொல்றாரு. வெட்டுனா எப்படி இருக்கும், வெட்டாட்டி எப்படி இருக்கும்னு பாக்கத்தான் உங்ககிட்ட வந்தேன். வீடு எப்படி இருந்தா என்னா?"

நாத்தனார்தான், "நாளைக்குக் காலையில நாங்க தோட்டத்துக்கு வர்றோம் சிஸ்டர்," என்றாள்.

போனோம். ஒவ்வொரு மரத்தையும் சுற்றிச் சுற்றிப் போனில் படம் எடுத்தோம். ஒன்று புயலில் சாய்ந்து, அப்புறம் மனம் மாறியதுபோல் நிமிர்ந்திருந்தது. இரண்டில் மிளகுக் கொடி ஏறியிருந்தது. ஒன்றின் அடிமரம் முழுக்கப் பாசி. மூன்று நாள் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் செய்தோம்.

வேகமான கார்டு பத்தொன்பது மரம்வரை தாங்கியது. இருபதாவது மரத்தை வைத்ததும், மெமரி போதாது என்று ஒரு வரி காட்டிவிட்டு நின்றது. படங்களின் தரத்தைக் குறைத்துப் பார்த்தேன். ஓலையெல்லாம் பிளாஸ்டிக் காகிதம்போல் ஆயிற்று. இதைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைக்க முடியாது.

நாத்தனார் ஸ்க்ரூடிரைவரோடு வந்து நின்றாள். "மாத்திப் பாப்பமா அண்ணி?"

மாற்றினோம். பன்னிரண்டு ஜிபி கார்டு ஒரு படத்துக்கு முக்கால் மணி நேரம் எடுத்தது. ஆனால் நிற்கவில்லை. சோறு வடித்து, மீன் குழம்பும் வைத்து, சாப்பிட்டு முடிப்பதற்குள் மூன்று படங்கள் வந்திருந்தன. முப்பத்தொரு மரமும் முப்பத்தொரு விதமாக நின்றன.

அன்று மாலை சிஸ்டர் வந்து, சாய்ந்து நிமிர்ந்த மரத்தைத்தான் முதலில் விரலால் தொட்டார். பிறகு விரல் வீட்டுப் பக்கம் போயிற்று.

"அடுப்பங்கரை இருட்டா இருக்கே?"

"மரம் மறைக்குது சிஸ்டர்."

"காலையில எட்டு மணிக்கு வெயிலு எங்க நிக்கும்?"

சூரியனை எட்டு மணியில் வைத்து, சீக்கிரம் வருவதற்காகத் தரம் குறைந்த படமாக ஓட்டிக் காட்டினேன். தென்கிழக்கு மூலையில், இரண்டு மரங்களுக்கு நடுவே, தரையில் ஒரு பட்டை வெளிச்சம் விழுந்தது.

"அப்ப அடுப்பங்கரைய இங்கிட்டுக் கொண்டாங்க. ரூம அங்கிட்டுப் போடுங்க."

பிளானைத் திருப்பிப் போட்டோம். பதினோரு மரத்துக்குப் பதில் இரண்டு மட்டும் போக வேண்டியிருந்தது. எந்த இரண்டு என்பதை அவரே காட்டினார். காட்டும்போது திரையைப் பார்க்கவில்லை.

எட்டு ஜிபி கார்டைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது கடைக்காரர், "க்யோன் தீதி, தேஸ் நஹி தா?" என்று கேட்டார். வேகம் இருந்தது, இடம்தான் பற்றவில்லை என்றேன். திரும்பும் வழியில் நாத்தனார் ஸ்கூட்டர் ஓட்டினாள். பின்னால் உட்கார்ந்தபடி, "நீ சொன்னதுதான் சரி," என்றேன்.

"என்ன அண்ணி? ஹெல்மெட்ல ஒண்ணும் கேக்கல."

நன்றாகவே கேட்டிருக்கும். ஆனாலும் இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னேன்.

போன மாதம் சிஸ்டர் வீட்டில் பால் காய்ச்சினார்கள். அடுப்பங்கரை ஜன்னல் நாங்கள் போட்டதைவிட அரை அடி தாழ்ந்திருந்தது, மேஸ்திரியின் கைவேலை. ஒரு பாக்கு மரத்தின் ஓலை தகரக் கூரையை உரசி, காற்றடிக்கும்போதெல்லாம் கீச்சிட்டது.

"இது ஒண்ண மட்டும் எடுத்துரலாமா சிஸ்டர்?" என்று கேட்டேன்.

அவர் கூரையை அண்ணாந்து பார்த்தார். "தகரத்த வேணும்னா கொஞ்சம் வெட்டிக்கலாம் புள்ள," என்றார்.